தொட்டிக்குள் போன மேஸ்திரி

என் கணவர் லெஸ்லியின் குரல் போனதை நான்கு மாதம் யாருமே கவனிக்கவில்லை. வேறு ஊர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். இங்கிலாந்தில் எங்கள் பர்ன்லியில் நெசவு ஆலையில் வேலை பார்த்தவர்கள் நம்புவார்கள். எங்கள் கூடத்தில் எழுநூறு தறிகள். அவை ஓட ஆரம்பித்துவிட்டால் காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் நாங்கள் கத்துவதே இல்லை. வாயை நன்றாகத் திறந்து, உதட்டைக் கொஞ்சம் கூடுதலாக அசைத்து, சத்தம் இல்லாமல் பேசிக்கொள்வோம். இந்தக் கோடியில் நிற்கிறவள் அந்தக் கோடியில் நிற்கிறவளிடம் மாமியாரைப் பற்றி முழுசாகப் புலம்பி முடித்துவிடலாம். பதினான்கு வயதில் ஆலைக்குள் போன எனக்கு இது தாய்மொழி மாதிரி. வீட்டுக்கு வந்தாலும் பழக்கத்தில் பாதிப் பேச்சு அப்படித்தான்.

லெஸ்லி தறிகளைப் பழுது பார்க்கும் மேஸ்திரி. மேஸ்திரிகளைக் கிண்டல் செய்வது நெசவுப் பெண்களின் பிறப்புரிமை. கடிகாரம் நின்றுபோனது தெரியாமல், மணி ஏழாகட்டும் என்று ஒரு மேஸ்திரி இரண்டு நாள் வேலைக்கே வராமல் வீட்டில் காத்திருந்தாராம். இப்படி ஆயிரம் கதை. லெஸ்லியும் சிரிப்பார். பதிலுக்கு எங்களைப் பற்றி அதைவிட மோசமாக ஏதாவது சொல்வார், உதட்டால்தான்.

1964 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கால்பந்து பார்க்கப் போயிருந்தோம். எங்கள் அணிக்குக் கிடைக்க வேண்டிய பெனால்டியை நடுவர் கொடுக்கவில்லை. மைதானமே கொதித்தது. லெஸ்லி எழுந்து நின்று வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

பக்கத்தில் நின்ற சாம், எங்கள் ஆலைக்காரன், சிரித்தான். “என்ன லெஸ், இன்னைக்கு ரொம்ப மரியாதையா இருக்க? சர்ச்சுக்கு வந்தவன் மாதிரி!”

நானும் சிரித்தேன். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மறுபடி வாயைத் திறந்தார், மூடினார். தொண்டையில் கையை வைத்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை அப்படியே நின்றார்.

எங்கள் தெரு டாக்டர் மருந்து கொடுத்து இரண்டு வாரம் பார்த்தார். பிறகு மான்செஸ்டரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், துளி சதை எடுத்தார்கள். குரல்வளையில் புற்றுநோய்.

டாக்டர் கிரிஃபித்ஸ் வேல்ஸ்காரர், ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். எங்கள் இரண்டு பேரையும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டார்.

“குரல்வளைய மொத்தமா எடுத்துடறது ஒரு வழி. எடுத்தா அப்புறம் பேச முடியாது. கதிர்வீச்சு கொடுத்துப் பாக்கறது இன்னொரு வழி. உங்களுக்குக் கதிர்தான் முதல்ல செய்யணும்னு நான் நினைக்கறேன். அதுலயே புதுசா ஒண்ணு சோதிச்சிட்டு இருக்கோம்.”

கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை, அங்கே பிராணவாயு குறைவு, பிராணவாயு குறைந்த இடத்தில் கதிர் சரியாக வேலை செய்வதில்லை என்று அவர் விளக்கினார். அதனால் ஆளை ஒரு தொட்டிக்குள் படுக்கவைத்து, உள்ளே பிராணவாயுவை மூன்று மடங்கு அழுத்தத்தில் நிரப்பி, அது ரத்தத்தில் ஏறிய பிறகு தொட்டிக்கு வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சிப் பார்க்கிறார்களாம்.

லெஸ்லி கரகரவென்று கேட்டார். “அது நல்லதா, சாதாரணமா கொடுக்கறது நல்லதா?”

“தெரியாது.”

“உங்களுக்கே தெரியாதா?”

“எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அதனாலதான் பாதிப் பேருக்குத் தொட்டியில, பாதிப் பேருக்கு வழக்கமான முறையில கொடுக்கறோம். யாருக்கு எதுன்னு நான் தேர்ந்தெடுக்கறதில்ல. ஒட்டின உறையில சீட்டு இருக்கும். விருப்பம் இல்லேன்னா சொல்லிடுங்க. வழக்கமான வைத்தியம் கட்டாயம் உண்டு. அதுல ஒரு குறையும் வராது.”

வெளியே நடையில் வந்து நின்றோம். “சீட்டுக் குலுக்கிப் போட இது என்ன கிறிஸ்துமஸ் பரிசா? வேணாம் லெஸ்” என்றேன்.

அவர் சத்தம் இல்லாமல் உதட்டால் பதில் சொன்னார். “ஐவி, தறிகிட்ட வந்து பாக்காமலே கோளாறு என்னன்னு சொல்ற மேஸ்திரிய நீ நம்புவியா? இந்த ஆளு தெரியாததத் தெரியாதுன்னு சொல்றாரு. இவர்கிட்டயே இருந்துக்கறேன்.”

அன்று இன்னொருவரும் கையெழுத்துப் போட்டார். ஹோரஸ் டக்வொர்த், போல்ட்டனில் பஸ் ஓட்டுகிறவர், பந்தயப் புறா வளர்ப்பவர். குண்டான உடம்பு, அவருக்கும் அதே இடத்தில் அதே நோய். உறைகளைப் பிரித்தார்கள். லெஸ்லிக்குத் தொட்டி, ஹோரஸுக்கு வழக்கமான முறை.

ஹோரஸ் லெஸ்லியின் தோளில் தட்டினார். “அப்பாடா! உன்னையத்தான்யா ஊறுகா ஜாடியில போடப்போறாங்க. பாத்துக்கம்மா, கிறிஸ்துமஸுக்கு வெளிய எடுத்து பன்னிக்கறி கூட வெச்சுக் கொடுத்துடப் போறாங்க.”

“போல்ட்டன்காரன் பேச்சக் கேளு” என்று லெஸ்லி முணுமுணுத்தார். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

தொட்டி என்பது ஒரு நீண்ட உருளை. ஆள் படுக்கிற அளவு, கண்ணாடி போலத் தெளிவான கனத்த பிளாஸ்டிக்கில் செய்தது. உள்ளே பிராணவாயு நிரம்பியிருக்கும்போது சின்னப் பொறி கூடப் பறக்கக் கூடாது. எனவே அவருக்குப் பருத்தி அங்கி மட்டும் கொடுத்தார்கள். மோதிரம், பல்செட் எல்லாம் கழற்றிவைத்தார். தலைமுடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். நான் வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அரைமணிக்கெல்லாம் கதவு திறந்தது. கருவியை இயக்குகிற பெண் மிஸ் லோமாக்ஸ் வெளியே வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். முகம் வெளுத்திருந்தது.

“நிறுத்திட்டோம் மிஸஸ் ஹாஸ்லம். அவருக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காரு. அழுத்தம் ஏறும்போது கையத் தூக்கினாரு. உள்ள மைக் இருக்கு, ஆனா காத்து இரைச்சல்ல அவரோட குரல் கேக்கவே இல்ல. வலியா, மூச்சு முட்டுதா, எதுவுமே எங்களுக்குப் புரியல. புரியாம மேல போகக் கூடாது.”

லெஸ்லி உடை மாற்றிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றினார். “தோத்துட்டேன்” என்று உதட்டால் சொன்னார்.

“என்ன ஆச்சு?”

“இடது காது. ஊசி விட்ட மாதிரி. எச்சில் முழுங்குங்க, அடைப்பு விட்டுடும்னாங்க. இந்தத் தொண்டையில முழுங்கறதுக்கு நேரமாகுது. கொஞ்சம் நில்லுங்கன்னுதான் சொன்னேன். அந்தப் பொண்ணு பாவம், மீன்தொட்டியப் பாக்கற மாதிரி பாக்குது.”

டாக்டர் கிரிஃபித்ஸ் வந்தார். அவர் கொஞ்சம் கூடக் கோபப்படவில்லை. “உங்களால முடியலேன்னா தொட்டி வேணாம். நாளைக்கே வழக்கமான முறையில ஆரம்பிச்சுடலாம். இதுல உங்க தப்பு எதுவும் இல்ல” என்றார்.

லெஸ்லி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“டாக்டர், அவரு என்ன சொல்றாருன்னு தெரிஞ்சா போதும்தானே?”

“ஆமா. அதுதானே தெரிய மாட்டேங்குது?”

“என்னைய உள்ள விடுங்க. இருபத்தாறு வருஷமா அந்த உதட்டப் படிச்சிட்டு இருக்கேன். அவரு சொல்லாம விட்டதக் கூடப் படிச்சிடுவேன்.”

மிஸ் லோமாக்ஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார். “அவர் இப்ப என்ன சொல்றாரு?” என்று கேட்டார். லெஸ்லி பத்தடி தள்ளி ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை அசைத்திருந்தார், ஒரு பக்க முகம்தான் தெரிந்தது.

“‘இவ வாயத் திறந்துட்டா, இனி தப்பிக்க முடியாது’ன்னு சொல்றாரு.”

லெஸ்லி தலையாட்டினார். டாக்டர் கிரிஃபித்ஸ் சத்தம் போட்டுச் சிரித்தார்.

மறுநாள் எனக்கும் பருத்தி அங்கி கொடுத்தார்கள். நைலான் காலுறையும் உள்பாவாடையும் ஆகாது என்றதால் வெறுங்காலோடு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மூடியைப் பூட்டினார்கள். காற்று ஏறும் இரைச்சல் கேட்டது. எனக்கு அது ஒன்றும் புதிதில்லை, எங்கள் கூடத்துச் சத்தத்தில் கால்வாசி கூட இல்லை.

லெஸ்லி என் காலைப் பார்த்தார். “காலுறை எங்க? ஆஸ்பத்திரியில யாருக்குக் கொடுத்த?”

“வாய மூடு, கிழட்டு மேஸ்திரி” என்றேன், உதட்டால்.

“என்ன சொல்றாரு? வலிக்குதா?” என்றாள் மிஸ் லோமாக்ஸ் பதறிப்போய்.

“இல்ல கண்ணு. நல்லா இருக்காரு. ரொம்ப நல்லா இருக்காரு.”

கொஞ்ச நேரத்தில் அவர் புருவம் சுருங்கியது. “இடது காது” என்றார். நான் சொன்னேன். மிஸ் லோமாக்ஸ் அழுத்தத்தை அப்படியே நிறுத்தினாள். லெஸ்லி கண்ணை மூடி, சிரமப்பட்டு விழுங்கினார். ஒரு தடவை, இரண்டு தடவை. “விட்டுடுச்சு. போகலாம்.” மறுபடி ஏற்றினார்கள். இப்படி நான்கு இடத்தில் நின்று நின்று போனோம், மலையேறுகிறவர்கள் மூச்சு வாங்க நிற்பது போல. கடைசியில் மூன்று மடங்கு அழுத்தம் வந்தது. ரத்தத்தில் பிராணவாயு நிறைவதற்குக் கால்மணி காத்திருக்க வேண்டும்.

அந்தக் கால்மணியில்தான் அவர் அதைச் சொன்னார். முகத்தை என் பக்கம் திருப்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

“ஐவி. எனக்குப் பயமா இருக்கு.”

எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போர் வரும் போல இருந்தது. அப்புறம் போர் வந்தது, அவர் வட ஆப்பிரிக்காவுக்குப் போனார், திரும்பி வந்தார். எங்கள் முதல் குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டது. அதற்கெல்லாம் கூட இந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் பார்த்ததில்லை.

“இப்ப என்ன சொல்றாரு?” என்று மிஸ் லோமாக்ஸ் கேட்டாள்.

“அடுப்ப அணைச்சிட்டு வந்தியான்னு கேக்கறாரு” என்றேன்.

பிறகு உருளையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். அவரும் உள்ளேயிருந்து வைத்தார். பிளாஸ்டிக் சில்லென்று இருந்தது. “எனக்கும்தான்” என்று சொன்னேன். “நான் எங்கயும் போகல. கதிர் விடும்போது மட்டும் அந்த ஜன்னலுக்குப் பின்னால போவேன். என் மூஞ்சியையே பாத்துட்டு இரு.”

கதிர் பாய்ந்த நான்கு நிமிடமும் கனத்த ஜன்னல் கண்ணாடிக்கு இப்பால் நின்று அவரிடம் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று கேட்டால் வெட்கக்கேடு. பக்கத்து வீட்டு எட்னா புதிதாக வாங்கிய திரைச்சீலை, ஆலை கேன்டீனில் இனி டீயில் சர்க்கரை குறைக்கப்போகிறார்கள் என்ற வதந்தி, சாமின் பெண் யாரையோ காதலிக்கிறாள் என்ற செய்தி. அவர் அசையாமல் என் வாயைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

வாரம் மூன்று முறை, மொத்தம் பன்னிரண்டு முறை. ஒவ்வொரு முறையும் நான் போக வேண்டும். எனக்கு ஆறு தறிகள் உண்டு. நிறுத்திவிட்டுப் போக முடியாது. கூடத்தில் யாரிடமும் நான் கேட்கவில்லை. திங்கள்கிழமை கிளம்பும்போது, அதே கூடத்தில் நெய்கிற எட்னா அந்தக் கோடியிலிருந்து வாயசைத்தாள். “ரெண்டு எனக்கு. ரெண்டு மேபலுக்கு. ரெண்டு க்ளாராவுக்கு. நீ கிளம்பு.” தனக்கிருந்த ஆறோடு இன்னும் இரண்டு தறியைப் பார்ப்பது எவ்வளவு ஓட்டம் என்று நெய்தவளுக்குத்தான் தெரியும். நான்கு வாரம் அவர்கள் அப்படி ஓடினார்கள். மேனேஜர் எங்கள் வரிசைப் பக்கமே வராமல் இருந்தார். அது அவர் செய்த உதவி.

மூன்றாம் வாரத்தில் லெஸ்லியின் கழுத்து வெயிலில் வெந்தது போலச் சிவந்தது. தொண்டை புண்ணாகிவிட்டது. முட்டைக் கஸ்டர்டையும் ஆறிய டீயையும் தவிர எதுவும் இறங்கவில்லை. இருந்த கரகரப்புக் குரலும் போய்விட்டது. வீட்டிலும் இப்போது முழுக்க உதட்டுப் பேச்சுதான்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் ஹோரஸைப் பார்ப்போம். அவர் தினமும் வந்தார், ஆறு வாரம். அவருக்கும் அதே புண், அதே கஸ்டர்ட். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கரண்டியைப் பார்த்து முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

மிஸ் லோமாக்ஸ் என்னிடம் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். காத்திருக்கிற கால்மணிகளில் நான் வாயசைப்பேன், அவள் சொல்வாள். முதலில் எல்லாம் தப்பு. “காது வலிக்குது” என்றால் “பாட்டு படிக்குது” என்பாள். லெஸ்லி உள்ளே படுத்துச் சிரிப்பார், சிரித்தால் தொண்டை வலிக்கும், கையை ஆட்டித் திட்டுவார். பன்னிரண்டாவது முறை நான் வாயே திறக்கவில்லை. அவளே அவரைப் பார்த்து, “இடது காதா? நிறுத்தறேன். சரியாச்சா? போகலாமா?” என்று எல்லாவற்றையும் முடித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். குரல் இல்லாமல் அந்தத் தொட்டிக்கு வருகிறவர்களுக்கு இனி நடையில் ஒரு ஐவி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கோடையில் டாக்டர் கிரிஃபித்ஸ் கண்ணாடி விட்டுத் தொண்டையைப் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார். “கட்டி இல்ல” என்றார். குரல் இலையுதிர் காலத்தில்தான் திரும்பியது. பழைய குரல் இல்லை. சரளைக்கல்லில் வண்டி போகிற மாதிரி ஒன்று. அதை வைத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமையே மைதானத்துக்குப் போய் நடுவரைத் திட்டிவிட்டு வந்தார்.

அடுத்த வசந்தத்தில் ஹோரஸுக்கு நோய் திரும்பியது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

லெஸ்லி அந்தச் செய்தியைக் கேட்டபின் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “ரெண்டு உறை. தொட்டின்னு இருந்தது என் கைக்கு வந்துச்சு, அவ்வளவுதான். எந்த மூஞ்சிய வெச்சிட்டு அவனப் போய்ப் பாப்பேன்?”

“இருக்கற மூஞ்சிய வெச்சிட்டுத்தான். கிளம்பு” என்றேன்.

போல்ட்டனில் ஹோரஸ் வீட்டுக் கொல்லையில் புறாக்கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துணி கட்டியிருந்தார். இளைத்துவிட்டார். கையில் ஒரு தகர டப்பா, அதில் சோளம். முன்பெல்லாம் புறாக்களைச் சீட்டியடித்துக் கூப்பிடுவாராம், இனி முடியாது என்பதால் டப்பாவைக் குலுக்கிப் பழக்கிக்கொண்டிருந்தார். லெஸ்லியைப் பார்த்ததும் வாயை அசைத்தார். அவர் மனைவி ஆக்னஸ் எங்களிடம், “சிலேட் எடுத்துட்டு வரேன், எழுதிக் காட்டுவாரு” என்று உள்ளே போகத் திரும்பினாள்.

“வேணாம்மா” என்றேன். “புரிஞ்சிடுச்சு. ‘வாய்யா ஊறுகா’ன்னு சொல்றாரு.”

ஹோரஸ் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார். பிறகு அவசர அவசரமாக நிறையப் பேசினார். மாதக்கணக்கில் சிலேட்டில் எழுதி அலுத்த மனுஷன். நான் ஆக்னஸுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரொட்டியைத் தீய்க்கிறாள் என்பது முதல் புகார். அவள் சமையல்கட்டு வாசலில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள்.

லெஸ்லி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஹோரஸ், நான் வந்து…” என்று ஆரம்பித்தார்.

ஹோரஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். இந்த முறை மெதுவாக, எல்லோருக்கும் புரிகிற மாதிரி வாயசைத்தார். “உன்னைய மட்டும் தொட்டியில போட்டு நீ பொழச்சிருந்தா, தொட்டியாலதான்னு எவன் நம்புவான்? என்னையும் பாத்தாத்தானே கணக்கு வரும். நானும் அதுல வேலை செஞ்சிருக்கேன்யா. இந்தா, டப்பாவக் குலுக்கு. எனக்குக் கை வலிக்குது.”

லெஸ்லி குலுக்கினார். ஒரு புறா கூட இறங்கவில்லை. பர்ன்லிக்காரன் குலுக்கினால் அவை வராது என்று ஹோரஸ் விளக்கம் சொன்னார்.

அதன்பின் மாதம் ஒரு ஞாயிறு அங்கே போனோம். ஆக்னஸ் ஒரு வருஷத்தில் என் அளவுக்குத் தேறிவிட்டாள். ஹோரஸ் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். இரண்டு பந்தயங்களில் அவர் புறா முதலாவதாக வந்தது.

தொட்டியைச் சில வருஷங்களில் மூடிவைத்துவிட்டார்கள். டாக்டர் கிரிஃபித்ஸ் ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடிதம் எழுதினார். தொட்டி பலன் கொடுத்தது, ஆனால் ஒரு ஆளுக்கு ஆகிற நேரத்தில் மற்ற முறையில் ஐந்து பேரைப் பார்க்கலாம் என்பதால் தொடர முடியவில்லை, இருந்தாலும் கட்டிக்குள் பிராணவாயு எவ்வளவு முக்கியம் என்பதை உங்களைப் போன்றவர்களால்தான் தெரிந்துகொண்டோம், நன்றி என்று இருந்தது. லெஸ்லி அதை மூன்று முறை படித்தார்.

“இந்த ஆளுக்கு என்ன பைத்தியமா? எனக்கு எதுக்கு இவரு நன்றி சொல்றாரு?”

பதில் எழுத உட்கார்ந்தார். அவர் கடிதம் எழுதுகிற ஜாதி இல்லை. ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்தபின் தாளை மடித்துவைத்துவிட்டார். அந்த ஜூலையில் ஆலை விடுமுறைக்கு ஊரே போவது போல நாங்களும் பிளாக்பூல் போனபோது, கடற்கரைக் கடையில் ஒரு அஞ்சலட்டை வாங்கி நின்றபடியே எழுதினார்: “அன்புள்ள டாக்டர், பிளாக்பூலில் இருக்கிறேன். மழை. பொரித்த மீன் நன்றாக இருக்கிறது, விழுங்க முடிகிறது. லெஸ்லி ஹாஸ்லம்.”

அது முதல் வருஷா வருஷம் ஒன்று. சில வருஷம் வெயில், பெரும்பாலும் மழை. மீன் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

1978 மார்ச்சில், அறுபத்து நான்கு வயதில், லெஸ்லியின் இதயம் நின்றது. தொண்டையில் கடைசிவரை ஒன்றும் இல்லை. பதினான்கு வருஷம் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அந்த வருஷங்களில் எங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆனது, பேத்தி பிறந்தாள், அந்தச் சரளைக்கல் குரலில் அவளைத் தூங்கவைக்கிறேன் என்று அவர் எழுப்பிவிடுவார்.

ஜூலையில் எட்னாவோடு பிளாக்பூல் போனேன். அஞ்சலட்டைக் கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஒன்றை வாங்கி, டாக்டர் கிரிஃபித்ஸுக்கு எழுதினேன். லெஸ்லி போய்விட்டார், தொண்டையால் இல்லை, தூக்கத்தில் நிம்மதியாகப் போனார் என்று எழுதினேன். மிஸ் லோமாக்ஸை எங்கேயாவது பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றும் எழுதினேன். ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. இந்த வருஷம் வெயில் என்று சேர்த்தேன்.